வேளாங்கண்ணி என்று நான் சொன்ன நாற்பது நாள்

தம்பி,

நலம் கேட்டு எழுதும் வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் நலமா என்று நீ கேட்டால், அதற்கான பதில் இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்து கொண்டைக்கடலையை அடுப்பில் வைத்திருந்தபோது கடல் கடந்த அந்த ஊரிலிருந்து நீ போன் செய்தாய். ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டாய். தங்கச்சி பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டாய். பிறகு, கடைக்குப் போய்க் குடை வாங்கி வந்ததைச் சொல்வது போல, "ஒரு துப்பாக்கி வாங்கியிருக்கேம்மா" என்றாய். இரண்டு வீடு தள்ளித் திருடன் புகுந்துவிட்டான், தனியாக இருக்கிறேன், ஒரு பாதுகாப்புக்கு என்றாய். "இன்னிக்குத்தான் கடையில எழுதிக் குடுத்துட்டு வந்தேன். ஆனா கையில தர மாட்டேங்குறாங்க. நம்ம மேல கேஸ் எதுவும் இருக்கான்னு பாப்பாங்களாம், பத்து நாள் கழிச்சு வந்து வாங்கிக்கணுமாம். நம்ம தாலுக்கா ஆபீஸ் தோத்துச்சு போ" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். "சாப்ட்டியா தம்பி" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய். போனை வைத்த பிறகு, கடலை அடிப்பிடித்த வாடை வந்துதான் நான் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

அன்று மத்தியானம் என் நோட்டை எடுத்துத் தேதிக்குப் பக்கத்தில் ஒன்று என்று போட்டேன். இன்றைக்கு மூன்று. இன்னும் ஏழு நாள் இருக்கிறது. தபாலுக்கு நேரமில்லை, தங்கச்சி இதைப் படம் எடுத்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, உன் அப்பா திருத்தக் கொண்டுவரும் பள்ளிக்கூட நோட்டுகளைப் பார்த்துப் பார்த்து மீதியைக் கற்றுக்கொண்டவள் நான். எதையும் எழுதிவைத்தால்தான் எனக்கு நம்பிக்கை. ஆனால் ஒரு விஷயத்தை முப்பது வருடமாக எங்கும் எழுதவில்லை. உன் அப்பா இருந்தவரை எழுத விட்டிருக்க மாட்டார். அவர் போய் ஆறு வருடமாகிறது. நேற்று திருவாரூருக்குப் போன் போட்டு உன் அத்தையிடமும் கேட்டுவிட்டேன், ஏனென்றால் இது அவள் கல்யாணத்தையும் தொட்ட விஷயம். "எழுதுங்க அண்ணி. எனக்கே அறுபதாகப் போவுது, இனிமே எவன் வந்து என்னைப் பொண்ணு பாக்கப் போறான்" என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதாள்.

உன் சித்தப்பா ஆரோக்கியம் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து இறந்துபோனார் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். அப்போது உனக்கு எட்டு வயது. அது அப்படி நடக்கவில்லை தம்பி. அவர் துடைத்துக்கொண்டிருக்கவில்லை.

சித்தப்பாவை உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. சைக்கிள் பாரில் உன்னை உட்காரவைத்துக் கொள்ளிடக்கரைப் படுகைக்குக் கூட்டிப்போவார். உன்னை மேனேஜர் என்று கூப்பிடுவார். "மேனேஜர் வந்து பாத்தாதான் நாத்து நிமிருது அண்ணி" என்பார். கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். உன் அப்பா பள்ளிக்கூடம் போய்விட, நிலம் முழுக்க அவர் பொறுப்புதான். அவரை நான் தம்பி என்று கூப்பிடுவேன், உன்னைக் கூப்பிடுவது போலவே. இரண்டு பேரும் வீட்டில் இருக்கும்போது நான் தம்பி என்று குரல் கொடுத்தால் இரண்டு பேரும் "என்ன" என்பீர்கள். அந்த இரண்டு குரலில் ஒன்று நின்றுபோன பிறகும் பல வருடம், நீ பதில் சொன்னதும் இன்னொன்றுக்காக ஒரு நிமிடம் காத்திருப்பேன்.

துப்பாக்கிக்கு மனு போட்டதற்கு ஒரு வருடத்துக்கு முன்னால் அவருக்கு மனசு கெட்டது. அந்த வருடம் சம்பா தண்ணீரில் போனது உண்மை, ஆனால் ஊரில் எல்லாருக்கும்தான் போனது. அவருக்கு மட்டும் பேச்சு குறைந்தது. தட்டில் சோறு போட்டால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆர்மோனியத்தைத் திறக்கவில்லை. ஒரு நாள் மோட்டார் கொட்டகையில் பூச்சிமருந்து டப்பாவோடு உட்கார்ந்திருந்தவரை, தற்செயலாகப் போன உன் அப்பா பார்த்துவிட்டார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாற்பது நாள் இருந்தார். அத்தைக்கு அப்போதுதான் திருவாரூரிலிருந்து வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று தெரிந்தால் அந்தச் சம்பந்தம் மட்டுமில்லை, இனி எந்தச் சம்பந்தமும் வராது. ஆகவே பக்கத்து வீட்டு அக்கா "எங்க, ஆரோக்கியத்தைக் காணும்" என்று கேட்டபோது, "வேளாங்கண்ணியில தங்கி வேண்டுதல் செய்யுதுக்கா" என்று சொன்னேன். முதலில் சொன்னது நான்தான். உன் அப்பாகூட இல்லை. எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

சொன்ன பொய்யை நிற்கவைக்க வேண்டும் அல்லவா. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சலூனில் அவருக்கு மொட்டை போடச் செய்தோம். வேளாங்கண்ணிக்குப் போய்வருகிறவர்கள் அப்படித்தானே வருவார்கள். மாதா படம் போட்ட எண்ணெய் பாட்டில் ஒன்றைக் கடையில் வாங்கி அவர் கையில் கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே வந்தவர், பாபநாசம் வரும்போது மெதுவாகச் சொன்னார்: "மாதா கோவிச்சுக்கப் போறாங்க அண்ணி. போவாமலே மொட்டை போட்டவன் நான் ஒருத்தன்தான்." நான் சிரித்துவிட்டேன். அவர் பழையபடி பேசுகிறாரே என்ற சந்தோஷம் எனக்கு.

உண்மையாகவே தேறினார். மறுபடி ஆர்மோனியம் வாசித்தார். மாத்திரை சாப்பிட்டார், பிறகு, வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று விட்டுவிட்டார். அடுத்த சம்பாவில்தான் பன்றி வந்தது. கொள்ளிடத்து நாணல் புதரிலிருந்து கூட்டமாக ஏறிவந்து, கதிர் பால்பிடிக்கிற நேரமாகப் பார்த்து வயலில் புரண்டுவிட்டுப் போகும். தகரம் தட்டிப் பார்த்தார், வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டிப் பார்த்தார். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசன்ஸ் தருகிறார்கள், வெடித்துச் சத்தம் காட்டினால் ஓடிவிடும் என்று யாரோ சொன்னார்கள். கலெக்டருக்கு மனு எழுதினோம். கையெழுத்து அவருடையது, எழுதிக்கொடுத்தது நான். பன்றி பொய்யில்லை தம்பி. நீ சொன்ன திருடன் எப்படிப் பொய்யில்லையோ அப்படி. காரணம் உண்மையாக இருந்ததால்தான் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

மனு போட்ட ஒரு மாதத்தில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் விசாரணைக்கு வந்தார். வயதானவர், மரியாதையான ஆள். ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. "பரவால்லம்மா, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களா இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். ஏற்கெனவே தெருவில் நாலு பேரிடம் கேட்டுவிட்டு வந்திருந்தார். எல்லாரும் தங்கமான பிள்ளை என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

"யார்கூடயாவது பகை, வரப்புத் தகராறு?"

"இல்லைங்க."

"குடி?"

"தொடமாட்டாருங்க."

"உடம்புக்கு, மனசுக்கு முடியாம எங்கயாச்சும் சேத்து வைத்தியம் பாத்துருக்கீங்களாம்மா?"

"இல்லைங்க."

அவர் பேனாவை வைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "போன வருஷம் நாப்பது நாள் ஊர்ல இல்லேன்னாங்களே."

"வேளாங்கண்ணிக்குப் போயிருந்தாருங்க. வேண்டுதல்."

"ஆமா, ஆமா. மொட்டை போட்டு வந்தாருல்ல, நானே கடைத்தெருவுல பாத்தேன்" என்றார். அவர் நம் மதம் இல்லை. ஆனாலும் மாதா பேரைக் கேட்டதும் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சொன்னதை வாக்குமூலமாக எழுதிப் படித்துக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் அடுத்தவனுக்கு ஆபத்து உண்டா என்று கேட்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்டார். அதற்கெல்லாம் நான் நல்ல பதில் சொன்னேன். மனசு பற்றிய அந்த ஒரே ஒரு கேள்வி மட்டும்தான் சித்தப்பாவுக்காகவே கேட்கப்பட்டது. அதற்குத்தான் மாதாவைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்தேன்.

பிறகு எட்டு மாதம். வி.ஏ.ஓ. வந்தார், தாசில்தார் ஆபீஸில் கூப்பிட்டார்கள், சித்தப்பா கும்பகோணத்துக்கு இரண்டு முறை போய்வந்தார். காகிதம் ஒவ்வொரு மேசையிலும் உறங்கியது. டீக்கடையில் எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. "என்ன ஆரோக்கியம், பன்னி சாவறதுக்குள்ள லைசன்ஸ் வந்துருமா" என்று ஒருவர் கேட்க, "அதுக்குப் பேரன் பொறந்து அவனும் நம்ம வயல்லதான் மேயுறான்" என்று இவர் சொல்வார். நீ ஞாயிற்றுக்கிழமை தாலுக்கா ஆபீஸ் என்று சிரித்தாயே, அதே சிரிப்பு. அந்த எட்டு மாதமும் யாருக்காக வைக்கப்பட்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எந்த நாளிலும் நான் பஸ் ஏறிப் போய், "ஐயா, அன்னிக்கு நான் மாத்திச் சொல்லிட்டேங்க" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? லைசன்ஸ் சீக்கிரம் வர வேண்டும் என்று ஒன்பது சனிக்கிழமை மாதாவுக்கு நவநாள் இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மெழுகுவர்த்தி. தடுத்து நிறுத்தியிருந்த கையை விலக்கச் சொல்லி முழந்தாளில் நின்று கேட்டவள் நான்.

நடுவில் ஒரு நாள். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட முப்பது வருடம் சொன்னதில்லை. கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "அண்ணி, அந்த ஏட்டையா வந்தாருல்ல, என்னப் பத்தி என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? நல்ல பிள்ளைன்னு சொன்னேன்."

"ஆஸ்பத்திரி பத்திக் கேக்கலையா?"

"கேட்டாரு. வேளாங்கண்ணின்னு சொன்னேன்."

அவர் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தார். சேறு எப்போதோ போய்விட்டது, ஆனாலும் ஊற்றினார். பிறகு, "சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொன்னா லைசன்ஸ் குடுக்க மாட்டான், உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளையும் குடுக்க மாட்டான். பேசாம போ தம்பி" என்றேன். மாதா பேரில் பொய் சொன்னது அவருக்கு உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் "சரி அண்ணி" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சொல்லியிருக்கலாம்ல. அந்த ஒரு சொல்லை எத்தனை ஆயிரம் முறை திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தனக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்று ஒரு மனிதன் எவ்வளவு சத்தமாகச் சொல்ல முடியுமோ, அவ்வளவு சத்தமாக அவர் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

அத்தை கல்யாணம் நடந்தது. அதற்கு அடுத்த வாரம் லைசன்ஸ் வந்தது. சித்தப்பா திருச்சியில் துப்பாக்கி வாங்கிக்கொண்டு வந்தார். நான் அதை வீட்டு மாதா பீடத்துக்கு முன்னால் பாயில் வைத்துப் புனிதநீர் தெளித்தேன், நீகூடத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாய். சித்தப்பா உன்னைத் தொடவிடவில்லை. தோட்டா டப்பாவை மட்டும் என் கையில் கொடுத்து, "இது உங்க பீரோவுலயே இருக்கட்டும் அண்ணி. சாவியும் உங்ககிட்டயே. நான் கேட்டா எத்தனைன்னு எண்ணிக் குடுங்க, வந்ததும் எண்ணி வாங்கிக்குங்க" என்றார். நான் பெருமைப்பட்டேன். கணக்கில் என்னைப் போல யார் என்று. நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன்: தேதி, கொடுத்தது, வெடித்தது, திரும்பியது. வெடித்ததற்குக் காலி உறையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். ஒரு பள்ளிப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு தடவையும் உறையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைப்பார். அந்தப் பீரோ சாவிக்கு அவர் என்ன வேலை கொடுத்திருந்தார் என்பது எனக்குப் புரிந்திருந்தால் அதை நான் தாலியோடு கோத்துக் கட்டியிருப்பேன்.

துப்பாக்கி நம் வீட்டில் இருந்தது ஐம்பத்திரண்டு நாள். நாற்பத்தொன்பதாம் நாள் அத்தையும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்தார்கள். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, மாப்பிள்ளைக்கு வெந்நீர் போட வேண்டும், நீ எதையோ உடைத்துவிட்டு அழுகிறாய். முந்தின நாள் மூன்று தோட்டா கொடுத்திருந்தேன். சித்தப்பா வந்து இரண்டு உறையைக் கொடுத்தார். "மூணாவது?" என்றேன். "வெடிச்சிட்டேன் அண்ணி. உறை சேத்துல போயிட்டுது." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்ற நாளாக இருந்தால், போய்த் தேடிக் கொண்டா என்று விரட்டியிருப்பேன். அன்று கரண்டியைக் கீழே வைக்காமலே நோட்டை எடுத்து, வெடித்தது மூன்று என்று எழுதிவிட்டேன். கண்ணால் பார்க்காத ஒரு எண்ணை நான் என் வாழ்நாளில் எழுதியது அந்த ஒரு முறைதான். மூன்று என்று நான் எழுதுவதை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் கழித்து, மத்தியானம் இரண்டு மணிக்கு முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். படுகைப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. "பகல்லயே வர ஆரம்பிச்சிட்டுதா இந்தப் பன்னி" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கல் பொறுக்கினேன். பகலில் பன்றி வராது. பீரோ பூட்டியிருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது, அன்று நான் தோட்டா எதுவும் கொடுக்கவில்லை. இவை மூன்றும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இன்னும் கால் மணி நேரம் கல் பொறுக்கினேன். மடை திருப்பப் போன பக்கத்து வயல்காரர் ஓடிவந்து வாசலில் நின்ற பிறகுதான் முறத்தை இறக்கிவைத்தேன்.

மீதியை எழுத மாட்டேன். துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று உன் அப்பா சொன்னார், நானும் அதையே சொன்னேன். தானாக உயிரை விட்டவர் என்றால் கோயிலில் மறுப்பார்களோ என்று பயம்; பூசை வைத்துக் கல்லறையில் இடம் கிடைக்க வேண்டும், அத்தை புகுந்த வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டும். முதல் பொய்க்கு மொட்டை போட்டோம், இதற்குத் துணியும் எண்ணெயும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். விசாரணைக்கு அதே ஏட்டுதான் வந்தார். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "அம்மா, அப்ப வேளாங்கண்ணியில எத்தன நாள் இருந்தாருன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நாப்பது நாளுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவரும் அந்த வாக்குமூலத்தின் கீழே கையெழுத்துப் போட்டவர்தானே. அவர் எப்படி உறங்கினார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் சித்தப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவருக்கும் ஒன்று ஏற்றுகிறேன். வேளாங்கண்ணிக்கு மட்டும் அதன் பிறகு நான் போகவில்லை. நீங்கள் எல்லாரும் போகும்போது கால்வலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுவேன். எனக்குக் கால்வலி கிடையாது.

இனி உன் விஷயம். போன மாசியில் மருமகள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு நீ மெலிந்தாய், வீடியோவில் உன் பின்னால் திரைச்சீலை எப்போதும் மூடியே இருக்கிறது. தூக்கம் வராமல் ஒரு டாக்டரைப் பார்த்ததாகச் சொன்னாய், அவர் மாத்திரை கொடுத்ததாகவும், இரண்டு முறைக்குப் பிறகு போகவில்லை என்றும் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னாய்: கடையில் கொடுத்த தாளில் மனநலம் பற்றி ஒரு கேள்வி இருந்ததாகவும், கோர்ட்டு சொல்லிக் கட்டாயமாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால்தான் ஆமாம் என்று போட வேண்டும் என்றும், "நான் நானாத்தானே போனேன், அதனால இல்லைன்னு போட்டேன், அது பொய் இல்லம்மா" என்றும் சொன்னாய். பொய் இல்லைதான். உன்னிடம் யாரும் பொய் என்று சொல்லவே இல்லையே தம்பி, ஏன் அதை என்னிடம் சொன்னாய்? ஏன் துப்பாக்கி வாங்கியதையே சொன்னாய்? முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, கடல் கடந்த ஊரில் இருக்கிறாய். சொல்லாமல் வாங்கியிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியப்போகிறது? அன்று கிணற்றடியில் நின்றவர் கேட்டதைத்தான் நீ வேறு வார்த்தையில் கேட்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. டப்பாவை என் கையில் கொடுத்து எண்ணி வைக்கச் சொல்கிறாய் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். நான் தப்பாக நினைத்திருந்தால் மிகவும் நல்லது. திருடனுக்காகத்தான் என்றால் உன் கிழட்டு அம்மா ஒரு பைத்தியக்காரி என்று வைத்துக்கொள். அந்தப் பட்டத்தை ஒருவர் மேல் ஒட்டிவிடக் கூடாது என்று நான் பட்ட பாட்டுக்கு, அது கடைசியில் என்மேல் வந்து உட்கார்ந்தால் நியாயம்தான்.

அந்த ஊர்க்காரர்கள் பத்து நாள் வைத்திருப்பது உன்னை அவமானப்படுத்த இல்லை. உன்னை யாரென்றே தெரியாத யாரோ ஒருவர், உன் அம்மாவோ உன் நண்பனோ வந்து சேரட்டும் என்று அந்த இடைவெளியை விட்டு வைத்திருக்கிறார். எனக்கு எட்டு மாதம் கொடுத்தார்கள், நான் அதை ஜெபம் செய்து தீர்த்தேன். உனக்குக் கொடுத்த பத்து நாளை அப்படித் தீர்க்க மாட்டேன். காகிதத்தில் நீ இல்லை என்று போட்டுவிட்டாய், கடைக்காரருக்கும் சர்க்காருக்கும் அது போதும். எனக்குப் போதாது.

திங்கட்கிழமை கோயிலில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உறை சேற்றில் போனது வரைக்கும். வயதில் உன்னைவிடச் சின்னவர். "பையன்கிட்ட சொன்னீங்களாம்மா" என்று மட்டும் கேட்டார். இதோ, சொல்லிவிட்டேன். இதன் ஒரு பிரதியைக் கோயிலில் அச்சடிக்கும் பங்கு மலரில் போடச் சொல்லி அவரிடம் கொடுக்கப் போகிறேன். உன் பெயரும் நீ இருக்கும் ஊரும் அதில் இருக்காது. என் வெட்கம் மட்டும் இருக்கும். நம் தெருவிலேயே இன்றைக்கும் வேளாங்கண்ணிக்குப் போயிருப்பதாகச் சொல்லப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த அம்மாக்கள் படிக்கட்டும்.

உன்னோடு காலேஜில் படித்து இப்போது ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறானே, அந்தப் பையனிடம் நேற்றே பேசிவிட்டேன். உன் அனுமதி கேட்கவில்லை. நாளைக்கு உன் வீட்டில் வந்து தங்குவான். அவனிடம் முகம் சுளிக்காதே. இட்லி மாவு அரைத்து எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான் பாவம். உன் குழந்தை பிறந்தபோது எடுத்த விசா எனக்கு இன்னும் இருக்கிறது. தங்கச்சி டிக்கெட் போட்டுவிட்டாள். தனியாக வருவேன். என் கணக்குப்படி ஒன்பதாம் நாள் அங்கே இறங்குகிறேன். அதுவரை ஒரு வேலை செய்: தினமும் காலையும் மாலையும் போன் செய்து, என்ன சாப்பிட்டாய், எவ்வளவு நேரம் தூங்கினாய் என்று சொல். எழுதிக்கொள்வேன். இல்லாததைச் சொல்லாதே. நானும் இனிப் பார்க்காததை எழுத மாட்டேன். பத்தாம் நாள் அந்தக் கடைக்கு நீ போக வேண்டியதில்லை. போகத்தான் வேண்டும் என்றால் நானும் கூட வருகிறேன், கடை வாசலில் நிற்கிறேன்.

அந்த டாக்டரிடமும் சேர்ந்தே போவோம். எனக்கு இங்கிலீஷில் ரொம்பப் பேச வராது, நீதான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அங்கே யாராவது, டாக்டரோ, கடைக்காரரோ, பாஸ்போர்ட்டில் முத்திரை போடுகிற ஆளோ, உன் மகன் நன்றாக இருக்கிறானா அம்மா என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவேன்.

"இல்லைங்க. மனசு சரியில்லைங்க. அதான் வந்துருக்கேன்."

அம்மா